குசினிக் கதவுக் கல்

எத்தாளையில் கல் கிடையாது. கிணறு தோண்டினால் மணல், அதற்குக் கீழேயும் மணல், பிறகு தண்ணீர். வீடு கட்டுகிறவன் கருங்கல்லை லொறியில் கொண்டுவந்து இறக்குவான். தோணிக்காரன் தன் நங்கூரக் கல்லை எங்கிருந்தாவது தேடிக்கொண்டு வருவான். அதனால் அந்த ஊரில் ஒரு கல் கிடந்தால், அது எப்படி வந்து சேர்ந்தது என்பதற்கு ஒரு கதையும் இருக்கும். ஸியாத் சேர் வீட்டுக் குசினிக் கதவைக் கச்சான் காற்று அடித்துச் சாத்தாமல் பிடித்து வைத்திருந்த கல்லுக்கும் ஒரு கதை இருந்தது. அந்தக் கதை ஸியாத் சேருக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

தொண்ணூறாம் ஆண்டு ஒக்டோபரில் மன்னார் எருக்கலம்பிட்டியை விட்டு முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற வேண்டும் என்று துவக்கோடு வந்தவர்கள் சொன்னபோது ஸியாத்துக்குப் பதினெட்டு வயது. உயர்தரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தார். வாப்பாவின் தோணியில் பக்கத்து வீட்டுக் குடும்பத்தையும் ஏற்றியாயிற்று. ஸியாத் தன் புத்தகப் பெட்டியோடு வந்து நின்றார். பாரம் கூடிப்போகும், அதை இறக்கு என்றார் வாப்பா. அப்படியென்றால் அந்தக் கல்லை இறக்குங்கள், இரண்டும் ஒரே பாரம்தான் என்று மகன் வாதாடினார். தோணிக்கு நங்கூரம் வேண்டும், புத்தகம் வேண்டாம் என்று வாப்பா ஒரே வரியில் கதையை முடித்தார். பெட்டி கரையில் நின்றது. அது இருந்திருக்க வேண்டிய இடத்தில், அந்தக் கல்லின் மேல், பக்கத்து வீட்டு நாலு வயது ஸுஹைப் உட்கார்ந்து, பிஸ்கட் தின்றுகொண்டே கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தான்.

அடுத்த வருடம் அகதி முகாமில் இருந்துகொண்டு ஸியாத் பரீட்சை எழுதினார். சில புள்ளிகளில் பல்கலைக்கழகம் தவறியது. ஆசிரியர் பயிற்சிக் கலாசாலைக்குப் போய், புவியியல் ஆசிரியராகி, கற்பிட்டிக்குப் பக்கத்து எத்தாளையில் குடியேறி, அதே பக்கத்து வீட்டின் மூத்த மகள் ஹஃபீலாவை நிக்காஹ் முடித்தார். பிஸ்கட் தின்ற ஸுஹைப் இப்படித்தான் அவருக்கு மச்சானானான்.

அவனுக்குப் புத்தகம் எதுவும் கரையில் நிற்கவில்லை. ஸியாத்தின் குறிப்புக் கொப்பிகளே அவனுக்கு இருந்தன. பத்தாம் ஆண்டில் ஸியாத்தே அவனுக்குப் படிப்பித்தார். அவன் பேராதனைக்குப் போய், கல்லையும் மண்ணையும் ஆராயும் புவிச்சரிதவியல் படித்துப் பட்டமும் வாங்கி, அவர் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கே விஞ்ஞான ஆசிரியராக வந்தபோது, மச்சானுக்குச் சேட்டும் சப்பாத்தும் வாங்கிக் கொடுத்தவர் ஸியாத்தான். மனப்பூர்வமாகத்தான் வாங்கிக் கொடுத்தார். முதல் இரண்டு மாதமும் ஊரில் ஸுஹைபைக் காட்டி, ‘ஸியாத் சேரின் மச்சான்’ என்றார்கள். மூன்றாம் மாதம் மீன் வாங்கப் போன இடத்தில் ஒருவர் ஸியாத்தைக் காட்டி, ‘இவர் யாரெண்டு தெரியாதா? ஸுஹைப் சேரின் மச்சான்’ என்றார். அன்று வாங்கிய மீன் ஸியாத்துக்கு இறங்கவில்லை.

அப்படித்தான் அது தொடங்கியது. நெஞ்சுக்குள் ஒரு முள். அதைப் பொறாமை என்று அவர் சொல்லமாட்டார். பொடியன் கொஞ்சம் துள்ளுகிறான், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வார்.

முள்ளை ஆழமாக இறக்கியது அவருடைய சொந்த மகள். பத்தாம் ஆண்டில் படிக்கும் ரிஃப்கா ஒரு நாள் பகல் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து, ஸுஹைப் மாமா இன்றைக்கு வகுப்பையே கடலோரக் களப்புக்குக் கூட்டிப்போன கதையை எடுத்தாள். நாற்பத்து நாலு கோடி வருடத்துக்கு முன்னால் உயிரெல்லாம் கடலில்தான் இருந்ததாம், அதிலும் ஆழமில்லாத கடலில். அப்போது தென் துருவத்துப் பக்கமிருந்த நிலத்தின் மேல் பனி மலைமலையாக ஏறியதாம். அந்தப் பனிக்கு வேண்டிய தண்ணீர் எங்கிருந்து வந்தது? கடலிலிருந்துதான். கடல் ஆள் உயரத்துக்கு மேல் ஆள் உயரமாக, பாகக்கணக்கில் கீழே இறங்கியது. இந்தக் களப்பில் தண்ணீர் இரண்டு பாகம் இறங்கினால் என்ன மிஞ்சும் என்று மாமா கேட்டாராம். வற்றிய சேற்றில் கிடந்த ஊரி, மட்டிச் சிப்பிகளைக் காட்டி, இதுகள் எங்கே போகும் என்று கேட்டாராம். நூறு வகை உயிர் இருந்த கடலில் எண்பதுக்கு மேல் அழிந்தே போயின என்றபோது ஒரு பிள்ளை அழுதுவிட்டதாம்.

“நீங்களும் பனிக்கட்டியாறு படிப்பிச்சீங்கதானே வாப்பா. எங்களுக்கு ஒண்டும் விளங்கல்ல,” என்றாள் ரிஃப்கா.

பிள்ளை பொய் சொல்லவில்லை. ஸியாத் பதினெட்டு வருடமாகப் பனிக்கட்டியாறு படிப்பிக்கிறார். கரும்பலகையில் ஒரு படமும் கீறுவார்: ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்த கல், அந்தப் பக்கத்தில் நேர்நேராகக் கோடுகள், அவற்றைக் குறுக்கே வெட்டும் இன்னொரு வரிசைக் கோடுகள். பனி ஒரு கல்லைத் தன் அடியில் வைத்துப் பாறை மேல் தேய்த்து இழுத்துப் போனதற்கு அதுதான் அத்தாட்சி என்பார். பிள்ளைகள் படத்தைக் கொப்பியில் கீறுவார்கள். யாரும் அழுததில்லை.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஸுஹைப் சாப்பிட வந்தான். கை கழுவக் குசினிப் பக்கம் போனவன் கதவடியில் குந்தியபடியே இருந்தான். சோறு ஆறுகிறது என்று ஹஃபீலா இரண்டு தரம் கூப்பிட்டாள்.

“மச்சான், இந்தக் கல்ல நான் கொண்டு போகட்டா?”

ஸியாத் இருந்த இடத்திலிருந்து எழும்பவும் இல்லை. அந்தக் கல்லைத் தாண்டும்போதெல்லாம் காலைத் தூக்கித் தூக்கி வைத்தே அவருக்கு வருடங்கள் போயிருந்தன. சுண்டுவிரல் நகம் இரண்டு தரம் போயிருந்தது. தாராளமாகக் கொண்டு போ என்றார். கதவுக்கு ஒரு செங்கல் வைத்துக்கொண்டால் ஆயிற்று.

ஒரு கிழமை கழித்து ஸுஹைப் அதைக் கழுவித் துவாயில் சுற்றித் திரும்பக் கொண்டுவந்தான். கதிரையில் உட்காராமல் நின்றபடியே கதைத்தான். இது பனிக்கட்டியாறு இழுத்த கல் என்று தனக்குப் படுகிறது, மன்னாருக்கு எப்படி வந்தது என்றுதான் தெரியவில்லை என்றான். இந்த விஷயத்திலேயே ஆராய்ச்சி செய்கிற விரிவுரையாளர் ஒருவர் இருக்கிறார், யாழ்ப்பாணத்து றஜனி மிஸ், அவருக்கு எழுதினால் வருவார். ஆனால் பிழையென்றால் இருக்கிற பெயரும் போய்விடும்.

“நீங்க ஒருக்கா பாருங்க மச்சான். நீங்க சரியெண்டு சொன்னாத்தான் கடிதம் போடுவன்.”

ஸியாத் கல்லை யன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கியை வைத்துப் பார்த்தார். இடுப்புப் போல ஒடுங்கிய நடுப்பகுதியில் துருக்கறை. அதைச் சுற்றிக் கீறல்கள். தட்டையான பக்கத்திலும் கீறல்கள். பார்த்த கணமே அவருக்கு விளங்கிவிட்டது. வாப்பாவின் இரும்புச் சங்கிலி. அந்தச் சங்கிலியைக் கல்லில் கட்ட எத்தனை தரம் அவரே பிடித்துக் கொடுத்திருக்கிறார். நீரோட்டத்தில் தோணி இழுபட இழுபடச் சங்கிலி கல்லை அராவும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மவுத்தாகும் வரைக்கும் வாப்பா வந்தவன் போனவனுக்கெல்லாம் கல்லைக் காட்டி, இந்தக் கோடெல்லாம் என்ட சங்கிலி போட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தார். தோணிக்காரன் வீட்டில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்.

சொல்லத்தான் வாயைத் திறந்தார். தலையை நிமிர்த்தியபோது ஸுஹைபுக்குப் பின்னால் ரிஃப்கா நின்றாள். வாய் பிளந்து மாமாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாப்பாவை அவள் அப்படிப் பார்த்த காலம் ஒன்று இருந்தது.

“சரிதான்,” என்றார் ஸியாத். “கடிதத்தப் போடு.”

ஸுஹைப் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். தேத்தண்ணியோடு வந்த ஹஃபீலா கல்லை ஒரு தரம் பார்த்தாள், புருஷனை ஒரு தரம் பார்த்தாள்.

அன்றிலிருந்து ஸியாத் சேருக்கு ஒரு புதுக் கலகலப்பு. பள்ளிக்கூடத்துக்கு நேரத்தோடு போனார். வருகிறேன் என்று மிஸ் பதில் எழுத, அந்த நாளில் விழா எடுக்க அதிபர் ஜவாஹிர் கூட்டம் வைத்தபோது, பதாகை கட்டாயம் வேண்டும், கல்வித் திணைக்களத்துக்கும் அறிவிக்க வேண்டும் என்று முன்வந்து சொன்னவர் அவர்தான். ஆள் கூடக் கூட அவருக்கு நல்லது. தம்பி, இது நங்கூரக் கல்லெல்லோ என்று அந்த மிஸ் சொல்லும் இடத்தை மனதுக்குள் போட்டுப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தரமும் அது இனித்தது. அதற்குப் பிறகு தான் எழும்பிப் போய் மச்சானின் தோளில் கைபோட்டு ஆறுதல் சொல்வதையும் சேர்த்துக்கொண்டார். மனிதனுக்கு வெட்கம் என்று ஒன்று இருக்கிறது, ஆனால் அந்த இரண்டு கிழமையும் அது அவர் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

விழாவுக்கு முதல் நாள் பதாகை கட்டிக்கொண்டிருந்த ஸுஹைப் ஏணியை விட்டு இறங்கி அவரிடம் வந்தான். முகம் காய்ந்திருந்தது. பிழையாய்ப் போய்விட்டால் என்ன மச்சான் செய்வது என்று கேட்டான். அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். கடிதம் போட்டது போட்டதுதான், ஒரு தொலைபேசி அழைப்பில் நிறுத்தியிருக்கலாம். ஸியாத் பதாகையை அண்ணாந்து பார்த்தார். ஸுஹைபின் பெயர் ஒரு முழ எழுத்தில் இருந்தது.

“பிழையாகாது,” என்றார்.

றஜனி மிஸ் புத்தளத்திலிருந்து பஸ்ஸில் வந்திறங்கினார். மெலிந்த ஆள், தோளில் ஒரு பை, காலில் சேறு காய்ந்த சப்பாத்து. மாலையை வேண்டாம் என்றுவிட்டு நேரே மேசைக்குப் போனார். மண்டபம் நிறைந்திருந்தது. பெற்றார் பகுதியில் ஹஃபீலா, வகுப்பு வரிசையில் ரிஃப்கா, முன் வரிசை ஓரத்தில் ஸியாத். மிஸ் தன் போத்தல் தண்ணீரைக் கல்லின் மேல் ஊற்றிக் கையால் தடவினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு உருப்பெருக்கியால் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இதில சங்கிலி ஏதும் கட்டியிருந்ததோ?” என்று கேட்டார்.

ஸியாத்துக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது. சந்தோஷம்தான், வேறு பெயர் அதற்கு இல்லை. திரும்பி மச்சானின் முகத்தைப் பார்த்தார். அது வெளிறிப்போயிருந்தது. ஓம் மிஸ், தோணிக்கு நங்கூரமாக இருந்தது என்று ஸுஹைப் கேட்கவே முடியாத குரலில் சொன்னான்.

“அதானே. இந்த நடுவைச் சுத்திப் போற கீறலெல்லாம் சங்கிலி போட்டது. மேலால இருக்கு, துருவும் பிடிச்சிருக்கு.” பிறகு அவர் கல்லைப் புரட்டித் தட்டையான பக்கத்தை மண்டபத்துக்குக் காட்டினார். “இது வேற. சங்கிலி ஒரு கல்லை இப்பிடி மட்டமாத் தேய்க்காது. இஞ்ச பாருங்கோ, எல்லாம் ஒரே நேராப் போகுது. பிறகு குறுக்கால இன்னொண்டு. பனிக்கு அடியில இந்தக் கல் ஒரு தரம் புரண்டிருக்கு. இது பனிக்கட்டியாறு கீறினதுதான்.”

அதன் பிறகு அவர் சொன்னதெல்லாம் ஸியாத்தின் காதில் தூரத்தில் யாரோ கதைப்பது போல விழுந்தது. இது மணற்கல், இலங்கை மண்ணுக்கு உரியதாகத் தெரியவில்லை. தென்னாபிரிக்காவின் முனையில் இதேபோன்ற கீறல் கற்களைத் தானே எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒல்லாந்தர் கப்பல்கள் அந்த முனையில் நின்றுதான் இந்தப் பக்கம் வந்தன. பாரம் போதாத கப்பல் ஆடாமலிருக்க அடித்தட்டில் கல் நிரப்புவார்கள், சரக்கு ஏற்றும் இடத்தில் அந்தக் கல்லைக் கொட்டிவிடுவார்கள். மன்னார்க் கோட்டைக் கரையில் கொட்டிய கல்லில் ஒன்றை ஒரு தோணிக்காரர் நங்கூரமாக்கியிருக்கலாம். இப்போதைக்கு நிச்சயம் என்று சொல்லேலாது, ஒரு துண்டு வெட்டிப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தப் பனிதான் என்றால், நாற்பத்து நாலு கோடி வருடத்துக்கு முன்னால் கடலைக் குடித்து, அதிலிருந்த உயிரில் பெரும்பங்கை அழித்த பனி இந்தக் கல்லில் கையெழுத்து வைத்திருக்கிறது.

கடல் இறங்கினால் ஏன் உயிர்கள் சாக வேண்டும் என்று அவர் பிள்ளைகளைக் கேட்டபோது ரிஃப்கா எழும்பிக் களப்பையும் ஊரியையும் வைத்துப் பதில் சொன்னாள். நல்ல விளக்கம், ஆர் படிப்பித்தது என்று மிஸ் கேட்டார். பிள்ளை மாமாவைக் காட்டினாள்.

“இந்தக் கல்லை முதல்ல ஆர் கண்டது? எழுதுறதுக்குப் பேர் வேணும்.”

ஸுஹைப் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தான். அழுகிற மாதிரி இருந்தது அவனுடைய குரல்.

“நானில்ல மிஸ். கல் என்ட மச்சான்ட வாப்பாட. பத்தாம் ஆண்டில மச்சான் பலகையில ஒரு படம் கீறினார், தட்டைப் பக்கம், குறுக்குக் கோடு எல்லாம் போட்டு. அந்தப் படம் மனசில கிடந்ததாலதான் இது என்ட கண்ணில பட்டிச்சி. எனக்குத் துணிவில்ல. அவர்தான் பாத்துட்டு, சரிதான் கடிதத்தப் போடு எண்டார்.”

மண்டபம் கைதட்டியது. பக்கத்திலிருந்தவர்கள் ஸியாத்தைப் பிடித்து எழுப்பிவிட்டார்கள். ரிஃப்கா வாய் பிளந்து வாப்பாவைப் பார்த்தாள். எந்தப் பார்வைக்காக அவர் இத்தனையும் செய்தாரோ, அந்தப் பார்வை. அவரால் அதற்கு முகம் கொடுக்க முடியவில்லை. கல் இருபத்து நாலு வருடம் அவர் வீட்டில் கிடந்தது. கோடு எப்படி இருக்கும் என்று பதினெட்டு வருடம் அவரே பலகையில் கீறினார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க மச்சான்தான் வர வேண்டியிருந்தது. அவமானம் பிடுங்கித் தின்ற அந்த நேரத்திலும், என்ட கல், என்ட படம், இவனுக்கு ஏன் தெரிஞ்சிச்சி என்று உள்ளே ஒன்று கேட்டுக்கொண்டுதான் இருந்தது. அதற்குச் சாகவே தெரியாது போல. பெற்றார் வரிசையில் ஹஃபீலா மட்டும் கைதட்டாமல் இருந்தாள்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணியை வைத்துவிட்டு அவள் எதிர்க் கதிரையில் உட்கார்ந்தாள். ரிஃப்கா பக்கத்து வீட்டில் கதை சொல்லப் போயிருந்தாள்.

“உங்கட வாப்பா அந்தச் சங்கிலிட கதைய எனக்கே எத்தின தரம் சொல்லிரிக்கார். உங்களுக்கு நினைவில்லையா?”

“இரிந்திச்சி.”

“அப்ப இது சங்கிலிதான் எண்டு நினைச்சிக்கிட்டா அவனுக்குச் சரியெண்டு சொன்னீங்க?”

கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லலாம், யோசித்துப் பார்த்தேன் என்று சொல்லலாம். பதினாறு வருடம் கூட இருந்தவளிடம் எதுவும் எடுபடாது.

“ஓம். பொறாம,” என்றார். அந்தச் சொல்லை அவர் தன்னைப் பற்றிச் சொன்னது அதுதான் முதல் தரம்.

ஹஃபீலா சத்தம் போடவில்லை. அவன் உங்களை வாப்பா மாதிரி நம்பியிருக்கிறான், நாளைக்கு நீங்களே போய் அவனிடம் சொல்லுங்கள், நான் சொல்லமாட்டேன் என்றாள். சொல்லிவிட்டுத் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அவர் இன்னும் குடிக்கவில்லை.

மறுநாள் ஸியாத் போனது உண்மை. விஞ்ஞான கூடத்தில் ஸுஹைப் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கல்லை வைத்து, அட்டையில் அழகாக எழுதி ஒட்டிக்கொண்டிருந்தான். ‘அடையாளம் கண்டவர்: எமது புவியியல் ஆசிரியர் ஸியாத்.’ வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த சொற்கள் அந்த அட்டையைக் கண்டதும் வரிசை குலைந்து போயின.

“என்ட பேர எடு ஸுஹைப். நான் அத அடையாளம் காணல்ல.”

ஸுஹைப் பசை போத்தலைக் கீழே வைத்தான். அவன் கண் கலங்கியது. தனக்குப் பெயர் வரவேண்டும் என்று மச்சான் விட்டுக்கொடுக்கிறார் என்று அவன் விளங்கிக்கொண்டான். இல்லை, அப்படியில்லை என்று சொல்ல ஸியாத் வாயெடுப்பதற்குள் அவன் ஆசிரியர் அறைக்கு ஓடிவிட்டான். இடைவேளைக்குள் கதை பள்ளிக்கூடம் முழுக்கப் பரவியது. அதிபர் ஜவாஹிர் அடுத்த காலைக் கூட்டம் வரைக்கும் பொறுக்காமல், இடைவேளையிலேயே ஒலிபெருக்கியில் ஸியாத் சேரின் பெருந்தன்மையைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினார். ஸியாத் பிள்ளைகளுக்கு முன்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டார். அதையும் அடக்கம் என்றார்கள். உள்ளதைச் சொல்வதென்றால், அது அவருக்குக் கொஞ்சம் இனிக்கவும் செய்தது. பழகிய சீனி ருசி லேசில் விட்டுப் போகாது.

வெயில் சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கை கழுவக் குசினிப் பக்கம் போனார். வாசலில் பழக்கத்தில் காலைத் தூக்கி வைத்தார். அங்கே கல் இல்லை, ஓரமாக ஒரு செங்கல்தான் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தது. தூக்கிய கால் வெறும் சீமெந்தில் தடுமாறி இறங்கியது.

ஹஃபீலா அடுப்படியிலிருந்து திரும்பிப் பார்த்தாள்.

“சொல்லிட்டீங்களா?”

“என்ட பேர எடுக்கச் சொன்னன்.”

“நான் அதக் கேக்கல்ல.”

ஸியாத் முன்வாசலுக்குப் போய், கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு ஸுஹைப் வீட்டுப் பக்கம் நடந்தார்.